சைலன்சர் லீக்: மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

6 ஜனவரி 2024, மாலை

வேளச்சேரி வாசகர் கேட்டது: 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். மிக்ஜாம் வெள்ளத்தில் கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீரில் நின்ற வண்டி. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, ஆயில் எல்லாம் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் ஷேர் ஆட்டோ மாதிரி சத்தம். மெக்கானிக் பின்னால் நின்று கேட்டுவிட்டு “சைலன்சர் போச்சு சார், மொத்த செட்டும் மாத்தணும்” என்கிறார். சத்தம் எங்கே வருகிறதோ அங்கேதானே ஓட்டை இருக்கும்? இதில் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

6 ஜனவரி, இரவு

சத்தம் வரும் இடத்தில்தான் ஓட்டை என்பதை முதலில் விட்டுவிடுங்கள். இன்ஜினிலிருந்து பின் பம்பர் வரை ஒரே இரும்புக் குழாய். முன்னால் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் முதல் குழாய்) பேக்கிங், அதாவது ஜாயின்ட்டின் நடுவே வைக்கும் அடைப்பு, போனாலும் அதிர்வு குழாய் வழியாகப் பின்னால் வந்து, சைலன்சரின் காலியான டப்பாவில் எதிரொலித்து, டிக்கி பக்கத்திலிருந்துதான் கேட்கும். வண்டிக்கு அடியில் இருக்கும் தரையும் காம்பவுண்டுச் சுவரும் சேர்ந்து இன்னும் குழப்பும். என் பழைய வண்டிக்கு ஒரு கடையில் பின் டப்பாவை மாற்றினார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது, காசும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் காலையில் வரும் ‘டிக் டிக் டிக்’ அப்படியே இருந்தது. அது மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடிக்கும் ஒரு ஸ்டட் (திருகு) உடைந்து பேக்கிங் வழியாகக் காற்று வெளியேறிய சத்தம், பின் டப்பாவோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

பார்க்க வேண்டிய நேரம் காலை, ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன வண்டியில், முதல் ஒன்றிரண்டு நிமிடம். இரும்பு சூடாகி விரிந்ததும் சின்ன இடைவெளிகள் தானாக அடைத்துக்கொள்ளும், சத்தமும் குறைந்துவிடும். மெக்கானிக் கடைக்கு நாம் எப்போதும் சூடான வண்டியைத்தான் கொண்டுபோகிறோம், அதனால்தான் அங்கே போனதும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அப்புறம், ஆறிய குழாயில் கை வைக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறினால் சில நூறு டிகிரியில் இருக்கும், அதன் பக்கத்தில் கை போனால் தோல் மிஞ்சாது.

வண்டியை வெளியே, திறந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஷட்டர் போட்ட ஷெட், அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங் இரண்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லீக் இருக்கிறது என்று சந்தேகம் வந்த வண்டியில் குழந்தைகளை உட்காரவைத்துவிட்டு ஏசி போட்டு நிறுத்திவைக்காதீர்கள். ஓட்டும்போது தலைவலியோ குமட்டலோ வந்தால் “வெயில்” என்று நினைக்காமல் கண்ணாடியை இறக்குங்கள், ஓரமாக நிறுத்திக் கீழே இறங்குங்கள்.

7 ஜனவரி, காலை

நேற்று நேரத்தைச் சொன்னேன், முறையைச் சொல்லவில்லை.

முதலில் கண். இன்ஜின் ஓடக் கூடாது. டார்ச் அடித்து முன்னாலிருந்து பின்னால் வரை பாருங்கள்: மேனிஃபோல்டு இன்ஜினைத் தொடும் இடம், அதற்குக் கீழே முன் பைப்பை போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டு (ஃபிளேஞ்ச்), வலை பின்னிய ஃபிளெக்ஸ் பைப், கன்வெர்ட்டரின் இரு முனை, நடு டப்பா, பின் டப்பாவின் மடிப்புத் தையல். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். துரு எல்லா இடத்திலும் இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். ஃபிளேஞ்சின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விசிறி விரித்த வடிவில் கறுப்பாகவோ சாம்பலாகவோ கறை இருந்தால் அதுதான் தடயம். துணியால் துடைத்துவிட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், திரும்பவும் அதே இடத்தில் கறை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து துணி. ஒருவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட வேண்டும், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். நீங்கள் தடித்த கையுறை போட்டு, நனைத்த கனமான துணியை மடித்து, பின் பைப் வாயில் மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நேர் பின்னால் உட்காராமல் ஒரு பக்கமாக இருந்து பிடியுங்கள். உள்ளே அழுத்தம் ஏறி, ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ‘புஸ்ஸ்’ என்று பெரிதாகக் கேட்கும். குழாய் முழுசாக இருந்தால் இன்ஜின் திணறும், கையைத் துணி தள்ளும். பொத்தியும் இன்ஜின் ஒன்றுமே நடக்காதது போல் ஓடினால், காற்று வேறு வழியில் வசதியாகப் போகிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க வேண்டாம், துணியை உள்ளே திணித்துவிட்டு முன்னால் ஓடிப் பார்க்கவும் வேண்டாம்.

9 ஜனவரி

மதுரைக்காரர் ஒருவர் கேட்கிறார்: டிக் டிக் சத்தம் டேப்பெட்டாகவும் (வால்வைத் தட்டித் திறக்கும் உறுப்பு) இருக்கலாமே?

இருக்கலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் டிக் டிக் என்றுதான் அடிக்கும், அது வண்டி சூடானாலும் ஆறினாலும் ஒரே சீராக இருக்கும், கிளிக்கென்று மெல்லிசாக. டேப்பெட் சத்தம் மேலே, வால்வு கவரிலிருந்து வரும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகம் கூடுமே தவிர பெரிசாகாது. மேனிஃபோல்டு லீக் லோடு ஏறினால் உரக்கும். மேம்பாலம் ஏறும்போது சுவரோரமாகக் கண்ணாடியை இறக்கிக் கேட்டால் தெரியும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க, தோட்டத்துக்கு விடும் ரப்பர் ட்யூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு மறு முனையை ஜாயின்ட் ஜாயின்ட்டாக நகர்த்துங்கள். முனையைக் குழாயில் தொட வேண்டாம், இரண்டு விரல் தள்ளியே பிடித்தால் போதும். ஃபேன் பெல்ட் பக்கம் ட்யூபும் போகக் கூடாது, சட்டை நுனியும் போகக் கூடாது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கும் பழைய வித்தை பேரிங் சத்தத்துக்குச் சரி, காற்றுக் கசிவுக்குப் பிரயோஜனம் குறைவு, இரும்பு எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

இந்தக் கேள்வி-பதில் இழையில் “ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார், எந்த சிலிண்டரில் டிக் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் லீக்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு நல்ல யோசனை. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் நேராக அதற்குள் போய் எரியும், கன்வெர்ட்டர் சூட்டில் உருகிப்போக வழி உண்டு. வேண்டாம்.

14 ஜனவரி

ஊதுபத்தியை ஜாயின்ட் பக்கத்தில் காட்டிப் புகை ஆடுகிறதா பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் இன்று போகி. சென்னையில் எந்தத் திசையில் பார்த்தாலும் லீக்தான் தெரியும்.

18 ஜனவரி

பொங்கல் முடிந்தது. இந்த இழையில் இதுவரை சொன்னதில் எனக்கே அரைகுறையாகத் தோன்றுவது துணி முறை. வெள்ளத்தில் நின்ற வண்டி, பின் டப்பாவின் தையல் ஏற்கெனவே உள்ளிருந்து அரித்துப்போயிருக்கும், அழுத்தம் கொடுத்தால் கசிகிற தையல் பிளந்தே போகலாம். கூடவே இன்ஜின் ஓடும்போது கீழே தலையை விட வேண்டியிருக்கிறது. இரண்டும் இல்லாத வழி ஒன்று உண்டு, வீட்டுக்காரர்களிடம் திட்டு மட்டும் வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் தூசி தட்டும் ப்ளோயர், அல்லது காற்றை வெளியே தள்ளும் வசதியுள்ள வாக்கும் கிளீனர். இன்ஜின் ஆஃப், குழாய் பச்சைத்தண்ணியாக ஆறியிருக்க வேண்டும். ப்ளோயர் மூக்கைப் பின் பைப்பில் வைத்து, இடைவெளியைத் துணியால் சுற்றிவிடுங்கள், ரொம்ப இறுக்க வேண்டாம், மோட்டார் மூச்சுத்திணறிச் சூடாகும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் அடியுங்கள். கசியும் இடத்தில் நுரை வளரும். பெரிய ஓட்டை என்றால் நுரை நிற்கவே நிற்காது, தண்ணீர் சிதறும், அதுவே பதில். சின்ன மயிரிழை விரிசல்தான் வேடிக்கை: முதலில் ஒன்றும் தெரியாது, ஒரு பத்து எண்ணுவதற்குள் கடுகளவில் வரிசையாகக் குமிழ்கள் எழும்பி நிற்கும். சிகரெட்டுத் தாள் நுழையாத விரிசலைக்கூட இதில் பார்த்திருக்கிறேன்.

முன்னால் ஏர் ஃபில்டர் பக்கம் லேசாகக் காற்றுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். ஏதாவது ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருக்கும், காற்று அந்த வழியில் நழுவுகிறது.

18 ஜனவரி, சற்று நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டு எழுந்துபோய்விட்டேன். பின் டப்பாவின் அடியில், தாழ்வான இடத்தில், பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள்! பல டப்பாக்களில் அது கம்பெனியிலேயே போட்டு வருவது, தண்ணீர் வடிய. நுரை போட்டால் அங்கேயும் குமிழ் வரும். ஓரம் வட்டமாக, சுத்தமாக இருந்தால் கம்பெனித் துளை. ஓரம் பிய்ந்து, சுற்றிலும் தகரம் உதிர்ந்தால் துரு ஓட்டை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், பெட்ரோலிலிருந்தேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் சூடாக இருந்தால் ஆவியாகவே போய்விடும். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று கிட்டக்கிட்ட ஓடும் வண்டியில் டப்பா சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்கி, எரிந்த வாயுவின் அமிலத்தோடு சேர்ந்து தகரத்தைத் தின்கிறது. நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற டாக்ஸியின் டப்பா பல வருஷம் தாங்கும், தெருவைத் தாண்டாத தாத்தாவின் கார் டப்பா சீக்கிரம் போய்விடும். காலையில் பைப் முனையில் சொட்டுச் சொட்டாக வடிவதும் இதே தண்ணீர்தான், அதை லீக் என்று சொல்லி இரண்டு பேர் கேட்டாயிற்று.

தூத்துக்குடி அண்ணன் “இங்கே எல்லாக் குழாயும் உப்புக் காத்துல ரெண்டே வருஷம்” என்கிறார். ரெண்டு என்பது கோபத்தில் சொன்னது என்று நினைக்கிறேன், ஆனால் கடற்கரை ஊர்களில் வெளியிலிருந்தும் துரு அரிக்கும், மறுக்கவில்லை.

27 ஜனவரி

முதலில் கேட்ட வேளச்சேரிக்காரர் இன்னும் அடியில் போய்ப் பார்க்கவில்லையாம், ஜாக்கி பயம். நல்ல பயம், அது இருக்கட்டும். ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான், அதை நம்பிக் கீழே போகக் கூடாது. வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவது அதைவிட மோசம், பாரம் ஏறினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று நொறுங்கும். கூடுதல் காப்புக்கு ஸ்டெப்னியைக் கழற்றி வண்டியின் அடியில் படுக்கவைப்பது நல்ல பழக்கம். இதெல்லாம் வேண்டாம் என்றால், வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது வண்டி லிஃப்ட்டில் ஏறியதும் கழுவுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கேளுங்கள். கழுவிய பிறகு பார்த்தால் கரித் தடமும் சேர்ந்து போயிருக்கும். சர்வீஸ் பையனுக்கு டீக்காசு கொடுத்தால் டார்ச்சும் அவனே பிடிப்பான்.

இதற்கிடையில் காருக்குள்ளிருந்தே ஒரு சோதனை. சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ் 4 புகை விதி வந்துவிட்டதால் 2012 வண்டியில் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் செருகும் இடம்) இருக்கும். ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கிப் போனில் லாங் டெர்ம் ஃபியூவல் டிரிம் பாருங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் (ஈசியு) பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் முன் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே லீக் இருந்தால், குழாயிலிருந்து வாயு வெளியே போவது மட்டுமில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து “பெட்ரோல் போதவில்லை” என்று சொல்லும், ஈசியு இன்னும் கொஞ்சம் ஊற்றும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) டிரிம் பிளஸ்ஸில் 15, 20 என்று ஏறி, ஆர்பிஎம் கூட்டினால் சாதாரணத்துக்கு இறங்கினால் லீக் சந்தேகம் வலுக்கும். இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் கசிவு இருந்தாலும் இதே கணக்கைத்தான் காட்டும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பி 0171 (பெட்ரோல் குறைவு) கோடு வந்ததும் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் அதிகம். சென்சார் பாவம், பார்த்ததைத்தான் சொன்னது.

மைலேஜ் குறைந்திருக்கிறதா என்று கேட்டேன், பதில் இல்லை.

28 ஜனவரி

பியூசி (புகைப் பரிசோதனை) சர்டிபிகேட்டில் ரீடிங் நன்றாகத்தானே வந்தது, அப்படியானால் லீக் இல்லையே என்று ஒரு வாதம். தலைகீழ். லீக் வழியாகக் காற்று உள்ளே கலந்தால் வாயு நீர்த்துப்போகும், கார்பன் மோனாக்சைடு அளவு குறைவாகவே தெரியும். பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் 0.3 சதவீதம் என்பது வரம்பு, ஓட்டைக் குழாய் வண்டி அதற்குள் சிரித்துக்கொண்டே தேறிவிடும். மாட்டிக்கொடுப்பது லாம்ப்டா, காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண். ஆர்பிஎம் கூட்டிவைத்த உயர் ஐடிலில் 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே இருக்க வேண்டியது எகிறினால், பின்னால் எங்கோ காற்று கலக்கிறது. உங்கள் தாளில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள்.

11 பிப்ரவரி

வேளச்சேரிக்காரர் கண்டுபிடித்துவிட்டார்! நுரை முறையில். பின் டப்பாவில் ஒன்றுமில்லை. ஃபிளெக்ஸ் பைப்புக்குப் பின்னால் உள்ள ஃபிளேஞ்சில் பேக்கிங் ஒரு பக்கம் தின்னப்பட்டு, ஒரு போல்ட் துருவில் மெலிந்து பாதியாகியிருக்கிறது. போட்டோவில் அந்தப் பக்கம் மட்டும் கரி. கூடவே, நடு டப்பாவைத் தொங்கவிடும் சைலன்சர் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது.

இந்த ரப்பரைக் கவனியுங்கள். பேக்கிங் போனதற்கு வெள்ளத்தைக் குறை சொல்கிறோம், ஆனால் ரப்பர் அறுந்த பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் குழாயின் மொத்த எடையும் அந்த ஃபிளேஞ்ச் மேல்தான் விழுந்திருக்கும். ரப்பரை மாற்றாமல் பேக்கிங் மட்டும் போட்டால் தீபாவளிக்குள் திரும்ப வரும்.

12 பிப்ரவரி

புட்டி வைத்து அடைக்கலாமா? கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சி புட்டி அந்தச் சூட்டில் கருகி உதிரும். எக்ஸாஸ்ட்டுக்கென்றே விற்கும் பேஸ்ட், டப்பாவில் உள்ள சின்ன ஓட்டைக்குக் கொஞ்ச காலம் ஓட்டும், துருவைச் சுரண்டிவிட்டுப் பூச வேண்டும். பெரிய ஓட்டைக்குத் தகரம் சுற்றி இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு ஊருக்கு வந்து சேரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஃபிளேஞ்சுக்குப் புட்டி தீர்வே இல்லை, புதுப் பேக்கிங், புது போல்ட். ஃபிளெக்ஸ் பைப்பின் வலை பிய்ந்திருந்தால் மேலே வெல்டிங் அடிப்பவர்கள் உண்டு. வளைவதற்காகவே வைத்த உறுப்பை விறைக்கவைத்தால் அடுத்த விரிசல் மேனிஃபோல்டில் வரும். வெட்டி எடுத்துப் புதுசு வைக்கச் சொல்லுங்கள்.

எந்த வெல்டிங் என்றாலும் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் எங்கே என்று வெல்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜிங்க் பூசிய தகரத்தை ஒட்டுப்போடும்போது வரும் வெள்ளைப் புகையை மூச்சிழுத்தால் அன்று ராத்திரி காய்ச்சல் வரும், வெல்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

3 மார்ச்

இழை பைக்குக்குத் தாவிவிட்டது, சரி. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர் இன்ஜினில் சேரும் இடத்துப் பேக்கிங். காற்று உள்ளே புகுந்து, எரியாத மிச்சம் குழாயில் வெடிக்கிறது. சைலன்சரைக் கழற்றினால் அந்த வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நசுக்கி வைத்து முடுக்கும் பழக்கத்தால்தான் பாதி வண்டிகளில் இந்தப் பிரச்சினை.

டீசல்காரர்களுக்கு வேலை சுலபம். கரி தாராளமாகக் காட்டிக்கொடுக்கும். டர்போவுக்கு முன்னால் லீக் என்றால் விசில் சத்தத்தோடு இழுவையும் குறையும். பிஎஸ் 6 டீசலில் கரியை வடிகட்டும் ஃபில்டருக்குப் பிறகு குழாய் உட்புறம் சுத்தமாக இருக்க வேண்டும், எனவே வெளியே எங்காவது கரி தென்பட்டால் அது ஃபில்டருக்கு முன்னால் கசிந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தகரம் தடதடக்கிறது என்று எழுதியவருக்கு: அது சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு. வண்டி ஆறியதும் கையால் தட்டிப் பாருங்கள், அதே தடதடப்பு வரும். கழற்றி எறிந்துவிடாதீர்கள். கிராமத்துச் சாலையில் கதிரும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினால் வைக்கோலுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகரம் மட்டும்தான். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முடுக்கினால் சத்தம் அடங்கும்.

9 மார்ச்

வேளச்சேரிக்காரரின் கடைசிக் கேள்வி, பேக்கிங் எங்கே கிடைக்கும், போல்ட்டைத் தானே கழற்றலாமா.

சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், மாடல், வருஷம் இரண்டும் சொல்ல வேண்டும். பழைய பேக்கிங்கைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், உள்விட்டம் வைத்துத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். புதுப்பேட்டையில் பழைய குழாய் கிடைக்கும், பேக்கிங்கை மட்டும் பழசில் வாங்காதீர்கள். போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு நெகிழ்த்தும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள், ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள், மழுங்கியதை ரிங் ஸ்பேனரால் திருகினால் தலை போய்விடும். மெலிந்துபோன அந்த ஒரு போல்ட் எப்படியும் உடையும், அதை வெட்டத் தயாராகப் போங்கள். ஃபிளேஞ்சின் இரு முகத்தையும் வயர் பிரஷால் தேய்த்து இரும்பு தெரிந்த பிறகுதான் புதுப் பேக்கிங். ஒரு பக்கத்தை முழுசாக முடுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த போல்ட் என்றால் ஸ்பிரிங் முழுக்க நசுங்கும் வரை இறுக்க வேண்டாம். ஓரிரு முறை ஓடிச் சூடாகி ஆறியதும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். ரப்பரை இரண்டு பக்கமும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.